ஏழு மணி வெயில்

ஏப்ரல் 24, வியாழன்

ஒரு வழியாக வந்து சேர்ந்தோம். கோபியிலிருந்து காரில் கோவை, அங்கிருந்து சென்னை, சென்னையிலிருந்து விமானத்தில் போர்ட்பிளேர், பிறகு கப்பலில் இரண்டு மணி நேரம் இந்தத் தீவுக்கு. கப்பலில் நங்கையா மூன்று முறை வாந்தி எடுத்தார். என் வீட்டுக்காரரின் கூடப் பிறந்த அக்கா ஆயிற்றே, விட்டுவிட்டு வர முடியுமா? "வீட்ல செவனேன்னு கெடந்தவளக் கூட்டியாந்து இப்புடிப் பாடாப் படுத்தறீங்களே" என்று தம்பியைத் திட்டிக்கொண்டே வந்தார். நங்கையாவின் வீட்டுக்காரர் மாடுகளை விட்டுவிட்டு வர மாட்டேன் என்றுவிட்டார். புத்திசாலி மனுஷன்.

ரிசார்ட் நன்றாகத்தான் இருக்கிறது. கடலைப் பார்த்த மாதிரி மரக்குடில், இரண்டு அறை, ஒரு பால்கனி. வந்ததும் சங்கு மாலை போட்டு இளநீர் கொடுத்தார்கள். இவர் பூப்போட்ட சட்டை ஒன்று வாங்கி வைத்திருந்திருக்கிறார். நாற்பத்தாறு வயதில் அதைப் போட்டுக்கொண்டு வந்து நின்றபோது மகள் சஷ்மிதா விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாயிற்று. பதினான்கு வயதுக்கு அந்த முகத்தில் யோசனை அதிகம்.

பதினெட்டு வருஷமாக எட்டாம் வகுப்பு சமூக அறிவியலுக்குப் பாடக்குறிப்பு எழுதிப் பழகிய கை. லீவு விட்டாலும் சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. யாரும் படிக்கப்போவதில்லை, அதனால் எழுதுகிறேன்.

சஷ்மிதாவின் இடது கெண்டைக்காலில் எட்டணா அகலத்துக்கு ஒரு வெள்ளை இருக்கிறது. ஆறு மாதமாக. முதல் மாதம் தேமல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்குச் சரியான பெயர் என்னவென்று எனக்குத் தெரியும், இங்கே எழுத மாட்டேன். என் அக்கா அமிர்தத்துக்கு இருப்பதுதான். அக்காதான் கார்போகரிசி என்ற நாட்டு மருந்து விதையில் எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தாள். இரண்டு சொட்டு, தேங்காய் எண்ணெயில் கலந்து, வெள்ளையின் மேல் மட்டும் தடவ வேண்டும். ஏழு மணி வெயிலில் பத்து நிமிஷம். பிறகு சோப்புப் போட்டுக் கழுவி மூடிவிட வேண்டும். மூன்று மாதமாக மொட்டை மாடியில் தினமும் நடக்கிறது. இப்போது வெள்ளைக்குள் மிளகு தூவினது மாதிரி மூன்று புள்ளி நிறம் வந்திருக்கிறது. இந்த நேரத்தில் ஒரு வாரம் விட்டால் எல்லாம் பாழ். அதனால் குப்பியைப் பவுடர் டப்பாவுக்குள் வைத்துக் கொண்டு வந்துவிட்டேன்.

இவருக்குத் தெரியாது. நங்கையாவுக்குத் தெரியவே கூடாது. பகலில் மேலே ஒரு பிளாஸ்திரி ஒட்டிவிடுவேன். இன்று கப்பலில் நங்கையா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏங் கோகிலா, பாப்பாள மூணு மாசமா ஒரே எடத்துலயேதான் கொசு கடிக்குமாக்கு?" என்றார். கண்ணா அது?

ஏப்ரல் 25, வெள்ளி

இவர் விடியும் முன்பே கடற்கரைக்குப் போய்விட்டார். நங்கையா குறட்டை. ஏழு மணிக்குச் சஷ்மிதாவை எழுப்பிப் பால்கனியில் உட்காரவைத்தேன். வெயில் நன்றாகவே அடித்தது.

தேங்காய் எண்ணெய் எடுத்துவர மறந்திருக்கிறேன். பரவாயில்லை, கலக்காமல் போட்டால் சீக்கிரம் பிடிக்கும். குப்பியைத் திறந்தால் விமானத்தில் மூடி நெகிழ்ந்து எண்ணெய் வழிந்திருந்தது. கொஞ்சம் கூடவே கொட்டிவிட்டது. இவள் அதற்குள் கடலைப் பார்த்துத் துள்ளுகிறாள். "அம்மா போதும்மா, அப்பா கூப்புடறாங்க" என்று எழுந்து ஓடப் பார்த்தாள். "இருடி, இன்னும் தேய்ச்சு முடிக்கல" என்று எண்ணெய்க் கையோடு காலை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

பத்து நிமிஷம் ஆவதற்குள் இவர் கீழே வந்து நின்று கத்த ஆரம்பித்துவிட்டார். டவுசர் போட்டுக்கொண்டு இறங்கி ஓடிவிட்டாள். சோப்பாவது போட்டுக் கழுவியிருக்க வேண்டும். கடல் தண்ணீர் கழுவாததையா சோப்பு கழுவப்போகிறது?

இவர் நீச்சல் கற்றுக்கொடுக்கிறேன் என்று பத்தரை மணி வரை தண்ணீரிலேயே வைத்திருந்தார். "மேல வாங்க, வெயிலு ஏறுது" என்று இரண்டு முறை கூப்பிட்டேன். அப்பாவும் மகளும் கேட்பார்களா? ஓடின அவசரத்தில் பிளாஸ்திரி ஒட்டவில்லை. காலெல்லாம் மணல் ஒட்டியிருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை.

ஒன்று தோன்றியது. ஊரில் பத்து நிமிஷம் காட்டுவதற்கே மூன்று புள்ளி வந்தது. இங்கே மூன்று மணி நேரம். நல்லதுதானே.

அவள் டவுசர் போட்டு ஆறு மாதம் ஆகிறது. வாலிபால் டீமிலிருந்து நான்தான் நிறுத்தினேன். படிப்பு கெடுகிறது என்று விளையாட்டு சாரிடம் காரணம் சொன்னேன். பதினைந்து நாள் என்னோடு பேசவில்லை. இன்று மணலில் பந்தைத் தூக்கிப் போட்டு அடித்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 26, சனி

இன்றும் ஏழு மணிக்கே. இன்று யாரும் கூப்பிடாததால் நிதானமாகத் தேய்த்தேன். பிறகு காலை முழுக்கக் கண்ணாடிப் படகில் பவளப்பாறை பார்த்தோம். நங்கையா மட்டும் மீனைப் பார்த்து, "இத்தன பெருசு இருக்குது, இதையப் புடிக்காம எதுக்கு வேடிக்க பாக்கறாங்க" என்றார்.

எல்லோரும் வெந்துபோய் வந்திருக்கிறோம். இவர் மூக்கு தக்காளி. நங்கையாவுக்குப் பின்கழுத்து. சஷ்மிதாவுக்குத் தோளும் காலும் சிவந்திருக்கின்றன. கால் கொஞ்சம் அதிகம். அரிக்கிறது என்றாள். கற்றாழை ஜெல் தடவச் சொன்னேன்.

என் வலது கை விரல்களும் எரிகின்றன. சாப்பாட்டு இடத்தில் சாம்பார் பாத்திரத்து மூடியைத் தொட்டேன், அதுவாக இருக்கும்.

ஏப்ரல் 27, ஞாயிறு

காலையில் போர்வையை விலக்கினவள் கத்தினாள். துணி ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

முழங்காலுக்குக் கீழே ஒரு பக்கம் முழுவதும் கொப்புளம். வெள்ளை இருந்த இடத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு நீர் கோத்து நிற்கிறது. அதைச் சுற்றிக் கோடு கோடாகச் சிவந்து, கோட்டின் மேலெல்லாம் சின்னச் சின்னக் கொப்புளங்கள். எங்களுக்கெல்லாம் தோல் உரிய ஆரம்பித்துவிட்டது. இவளுக்கு மட்டும் இப்படி.

இவர் அவளை அப்படியே தூக்கிக்கொண்டு ரிசார்ட்டின் முதலுதவி அறைக்கு ஓடினார். நர்ஸ் இந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். பார்த்ததும் சொல்லிவிட்டாள். "இது வெயில் இல்ல சார். கோடு கோடா இருக்கு பாருங்க, ஜெல்லி மீன் பட்டிருக்கு. அதோட வாலு பட்டா இப்படித்தான் கோடு விழும். சன் கிரீம், சென்ட், எலுமிச்சம்பழம் ஏதாவது பூசினீங்களா?"

இவர் என்னைப் பார்த்தார். நங்கையாவும் என்னைப் பார்த்தார்.

"ஒண்ணும் பூசலீங்க" என்றேன்.

நர்ஸ் சஷ்மிதாவிடம் திரும்பி அதையே கேட்டாள். சஷ்மிதா முதலில் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "ஒண்ணும் பூசல சிஸ்டர்" என்றாள்.

ஜெல்லி மீனுக்கு வினிகர் ஊற்ற வேண்டுமாம். ஒரு முழு பாட்டில். நங்கையா தோளைப் பிடித்துக்கொண்டார், இவர் இன்னொரு காலைப் பிடித்துக்கொண்டார், நான் கையைப் பிடித்துக்கொண்டேன். கொப்புளம் உடைந்திருந்த இடத்தில் வினிகர் பட்டதும் அவள் போட்ட சத்தத்தை இந்த நோட்டில் எழுத எனக்குத் தெரியவில்லை. வலி தாங்காமல் என் விரல்களைப் போட்டு நசுக்கினாள். அந்த விரல்களிலும் கொப்புளம். எனக்கும் உயிர் போயிற்று. நான் கத்தவில்லை.

எழுதியதை மறுபடி படித்துப் பார்த்தேன். நான் சொன்னதில் பொய் இல்லை. அவள் கேட்டது சன் கிரீம், சென்ட், எலுமிச்சம்பழம். கார்போகரிசியா என்று கேட்கவில்லை.

மாலையில் குப்பியைக் கடலில் போட்டுவிட்டேன். தேவையில்லாத சாமான்.

ஏப்ரல் 28, திங்கள்

காலை. காற்று. கப்பல் கிடையாது என்கிறார்கள். காய்ச்சல் நூற்றிரண்டு.

பத்து மணி. மறுபடியும் வினிகர் ஊற்ற நர்ஸ் வந்தாள். "வேண்டாம், எம் புள்ள செத்துருவா" என்று பாட்டிலைப் பிடுங்கிவிட்டேன். "அம்மா, மருந்து போட விடலேன்னா நான் எப்படி?" என்று கேட்டாள். பாவம், அவள் சரியாகத்தான் கேட்டாள்.

மதியம். இவர் படியில் உட்கார்ந்திருக்கிறார். நேற்றிலிருந்து ஒரு வாய் சாப்பிடவில்லை. தட்டைக் கொண்டுபோய் வைத்தேன். தள்ளிவிட்டார்.

"நீ மேல வாங்கன்னு கூப்புட்ட கோகிலா. நாந்தான் கேக்கல. இன்னுங் கொஞ்ச நேரம், இன்னுங் கொஞ்ச நேரம்னு கடலுக்குள்ளயே வெச்சிருந்தேன். என்ற புள்ளய நானே கொண்டுபோயி அந்தக் கருமத்துகிட்டக் குடுத்துட்டேன்."

அழுதார். பதினாறு வருஷத்தில் இவர் அப்பா செத்தபோதுகூட அழுது பார்த்ததில்லை.

"உங்க மேல தப்பு இல்லீங்க மாமா" என்றேன். அதுவரை சொல்ல முடிந்தது. அதற்குமேல் வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று உள்ளே வந்துவிட்டேன்.

மூன்று மணி. அக்காவுக்குப் போன் செய்தேன். கேட்டதும் அக்கா பதறிவிட்டாள்.

"எத்தன சொட்டு போட்ட?"

"கொஞ்சம் கூடப் போயிருச்சு."

"தேங்காயெண்ண கலந்தியா? எவ்வளவு நேரம் வெயில்ல இருந்தா?"

சொன்னேன்.

"கோகிலா, அது சுட்டிருக்குது. எண்ணெ சுட்டிருக்குது. எனக்கும் ஒருக்கா ஆயிருக்குது. ரெண்டு மூணு நாள் கழிச்சுத்தான் பொங்கும். இனி காலுல ஒரு துளி வெயில் படக் கூடாது, பட்டா மறுக்காப் பொங்கும். டாக்டருகிட்ட இன்ன எண்ணெ போட்டம்னு சொல்லிப்புடு. வேறென்னமோன்னு நெனச்சு மருந்து குடுத்துரப் போறாங்க."

"நங்கையா கூடவே இருக்கறாங்கக்கா."

"இருந்தா இருக்கட்டுமே!"

"உனக்கு இருக்கறது என்னன்னு அவங்களுக்குத் தெரியாதுல்லக்கா."

போன் கட்டாயிற்று. சிக்னல் இல்லாமல் போயிருக்கும். நானும் மறுபடி கூப்பிடவில்லை.

எழுதத் தொடங்கிய பிறகு இதை மட்டும் மறைப்பானேன். என்னைப் பெண் பார்க்க வந்தபோது அக்காவுக்கு முப்பத்து மூன்று வயது. முகத்திலும் இரண்டு கையிலும் வெள்ளை. சின்ன வயதில் வெந்நீர் அண்டா கவிழ்ந்து தோல் வெந்துபோயிற்று என்று அப்பா சொன்னார். நங்கையா அக்காவையே கூப்பிட்டுக் கேட்டார். அக்கா பலகாரத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "ஆமாங்க, வெந்நி கொட்டிருச்சுங்க" என்று சிரித்த முகமாகச் சொன்னாள். நங்கையா உச்சுக்கொட்டினார். என் கல்யாணம் நடந்தது. அக்காவுக்கு நடக்கவில்லை. பதினாறு வருஷமாக எங்கள் வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் அவள் வெந்துபோனவளாகத்தான் வந்துபோகிறாள்.

மாலை. கடற்கரையில் நின்றுகொண்டு நங்கையா, "நம்ம பண்ணாரி எந்தத் தெசைல இருக்குது?" என்று என்னைக் கேட்டார். மேற்கே கையைக் காட்டினேன். அந்தப் பக்கம் பார்த்துக் கும்பிட்டு, பாப்பாள் கால் நல்லபடியானால் அடுத்த பங்குனியில் குண்டம் இறங்குகிறேன் என்று அம்மனுக்கு வேண்டிக்கொண்டார். அறுபத்திரண்டு வயது, சர்க்கரை வியாதி. நெருப்பில் நடக்கிறாராம். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

கப்பல் விட்டார்கள். உள்ளே புழுக்கம் என்று இவர் அவளை மேல்தளத்துக்குத் தூக்கிப்போய் பெஞ்சில் படுக்கவைத்தார். நல்ல வெயில். என் துப்பட்டாவை எடுத்துக் காலை மூடினேன்.

"மூடாத கோகிலா. காத்துப் பட்டாத்தான காயும்" என்று நங்கையா எடுத்துவிட்டார்.

மறுபடி மூடினேன். "புண்ணுல துணி ஒட்டிக்குமுன்னு நர்ஸம்மா சொல்லுச்சல்ல, உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா?" என்று மறுபடி எடுத்தார். வெயில் நேராக அந்தக் காலில் விழுகிறது. ஒரு துளி படக் கூடாது என்று அக்கா சொன்னது என் காதுக்குள்ளேயே கேட்கிறது. காரணம் சொல்ல வாயில்லை. எழுந்துபோய் வெயிலுக்கும் காலுக்கும் நடுவில் நின்றுகொண்டேன். கப்பல் திரும்பும்போதெல்லாம் நானும் நகர்ந்து நகர்ந்து நின்றேன். இரண்டு மணி நேரம். சஷ்மிதா மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தாள். எதற்கு நிற்கிறேன் என்று அவளுக்குத் தெரியும்.

போர்ட்பிளேரில் தோல் டாக்டர், ஐம்பது வயதுப் பெண்மணி. அப்பா காலத்தில் ராமநாதபுரத்திலிருந்து வந்த குடும்பமாம். சீழ் வைத்திருக்கிறது என்று முதலில் ஊசி போட்டார். பிறகு கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு காலை ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஜெல்லி மீன்னு யார் சொன்னது?"

"கோடு கோடா இருக்குதுன்னு நர்ஸ் சொன்னாங்க டாக்டர்" என்றார் இவர்.

"இது ஜெல்லி மீன் இல்ல. இங்க பாருங்க. இந்தப் பக்கம் நாலு கோடு. அந்தப் பக்கம் ஒண்ணே ஒண்ணு, கட்டையா. இது கை. யாரோ இந்தக் காலைப் பிடிச்சிருக்காங்க. அந்தக் கையில என்னமோ இருந்திருக்கு. அது என்னன்னு தெரிஞ்சாத்தான் நான் சரியா மருந்து கொடுக்க முடியும்."

இவர் முகம் கறுத்துப்போயிற்று.

"என்ற கையாத்தான் இருக்குமுங்க டாக்டர். நீச்சல் கத்துக்குடுக்கறேன்னு நாந்தான் புடிச்சேன்." தன் கையை விரித்து அந்தத் தடத்தின் மேல், தொடாமல் பிடித்தார். விரல்கள் ஒரு கணு தாண்டி வெளியே போயின. அகட்டிப் பார்த்தார், ஒடுக்கிப் பார்த்தார். பொருந்தவில்லை. பொருந்தினால் தேவலை என்பது மாதிரி திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தார்.

"அப்பாதான் டாக்டர் புடிச்சாங்க" என்றாள் சஷ்மிதா. "சன் கிரீம் போட்டிருந்தாங்க. அதுதான்னு நெனைக்கறேன்."

அவள் பொய் சொல்லும்போது காது மடல் சிவக்கும். சின்னதிலிருந்தே அப்படி. காய்ச்சலிலும் சிவந்தது.

எனக்காகப் பொய் சொல்ல எப்போதும் ஒருத்தி கிடைத்துவிடுகிறாள். அன்றைக்கு அக்கா பலகாரத் தட்டோடு நின்றாள். இன்றைக்கு இவள் சீழ் பிடித்த காலோடு படுத்திருக்கிறாள்.

மூன்று நாளாகத் துப்பட்டாவுக்குள் வைத்திருந்த வலது கையை வெளியே எடுத்தேன். விரலெல்லாம் கொப்புளம். கொண்டுபோய் அவள் காலின் மேல் பிடித்தேன். நாலு விரலும் கட்டை விரலும் அதனதன் இடத்தில் போய் நின்றன.

"என்ற கை டாக்டர். கார்போகரிசி எண்ணெ. ரெண்டு நாள் போட்டேன். இவளுக்கு வெண்படை இருக்குதுங்க."

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. "எங்க அக்காளுக்கும் அதுதானுங்க நங்கையா. வெந்நியெல்லாம் கொட்டல."

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். எவ்வளவு போட்டேன், எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

"ஏழு மணி வெயில்தானுங்க டாக்டர். எளவெயில்தானேன்னு..."

"ஏழு மணி உங்க ஊர்லம்மா. இங்க சூரியன் அஞ்சு மணிக்கே வந்துடும். உங்க ஊர் எட்டு மணி வெயில் இங்க ஏழு மணிக்கு அடிக்கும். அதுலயும் கலக்காத எண்ணெய், கழுவாம மூணு மணி நேரம் கடல்ல. ஒரே கடிகாரம்தான், ஆனா சூரியன் அதைப் பார்த்து வர்றதில்லையே."

கிழக்கே போகப் போகச் சூரியன் முன்னால் உதிக்கும். எட்டாம் வகுப்பு, தீர்க்கக்கோடுகள். பதினெட்டு வருஷமாக நடத்துகிறேன். கேள்வித்தாளில் ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேட்பேன்.

நங்கையா எழுந்து வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். இவர் ஜன்னல் திரையை இழுத்து மூடினார். பிறகு அதே இடத்தில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

ஏப்ரல் 30, புதன்

காய்ச்சல் இறங்கியது. இவர் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். வெள்ளையைப் பற்றி இல்லை, அக்காவைப் பற்றி இல்லை, கல்யாணத்தைப் பற்றியும் இல்லை.

"வினிகர் ஊத்தறப்ப புள்ள கையப் புடிச்சுட்டு நின்னயே. அப்பக்கூடவா சொல்லத் தோணல?"

பதிலை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மே 1, வியாழன்

இல்லை. அப்போதும் தோன்றவில்லை.

மே 7, புதன்

ஊருக்கு வந்து மூன்று நாள். தினமும் கட்டு மாற்ற வேண்டும். என்னைத் தொட விடமாட்டேன் என்கிறாள். கோபத்தில் சொல்வதில்லை, என் கை கிட்டே போனால் கால் தானாக உள்ளே இழுத்துக்கொள்கிறது. இவர்தான் மாற்றுகிறார்.

இன்று காலையில் இவர் சொல்லாமல் கொள்ளாமல் காரை எடுத்துப்போய் அமிர்தம் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தார். அக்கா முழுக்கைச் சட்டையோடுதான் வந்தாள். பழக்கம். நங்கையாவும் வந்திருந்தார்.

நங்கையா அக்காவைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். கையை இழுத்துச் சட்டையை மேலே ஏற்றிப் பார்த்தார். முழங்கை வரைக்கும் பார்த்தார்.

"வலிக்குமாக்கு?"

"இல்லீங்க. இது ஒண்ணும் பண்ணாதுங்க."

"ஒண்ணும் பண்ணாததுக்கா எங்களுக்கு இத்தன பொய்யி?" என்றார் நங்கையா. கோபமாகத்தான் கேட்டார், ஆனால் கையை விடவில்லை. "நான் உனக்கு வெந்நி கொட்டிப்போச்சேன்னு எத்தன நாள் வெசனப்பட்டிருப்பேன் தெரியுமா?" பிறகு என் பக்கம் திரும்பாமலே, "குண்டம் எறங்கறேன்னு வேண்டியாச்சு. நீயும் எறங்கு" என்றார். சரி என்றேன்.

அக்கா சமையலறைக்கு வந்தாள். அவளிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"பொய் சொல்றது எனக்குப் பழகிப்போச்சு கோகிலா. நானாச் சொன்னேன், உனக்காகச் சொன்னேன். அந்தப் புள்ளைக்கு எதுக்குப் பழக்கிவுட்ட?"

அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம்.

மே 19, திங்கள்

புண் ஆறிவிட்டது. மிளகுப் புள்ளிகள் மூன்றும் போய்விட்டன. வெள்ளை இப்போது ஒரு ரூபாய்க் காசைவிடப் பெரியது. வெந்த இடத்தில் அது பரவலாம் என்று போர்ட்பிளேர் டாக்டர் முன்பே சொன்னார். கோவையில் தோல் டாக்டரைப் பார்க்கிறோம். மூன்று பேரும் போகிறோம்.

கை பட்ட இடம் மட்டும் கறுத்துவிட்டது. நல்ல கருப்பு. ஐந்து விரலும் எண்ணிவிடலாம். மங்குவதற்கு ஒரு வருஷம் ஆகலாமாம். நிறம் வர வேண்டும், நிறம் வர வேண்டும் என்று தேய்த்தேன். வந்துவிட்டது.

ஜூன் 12, வியாழன்

பள்ளி திறந்து பத்து நாள். சஷ்மிதா மறுபடி வாலிபால் டீமில் சேர்ந்திருக்கிறாள். என்னிடம் கேட்கவில்லை, அப்பாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். காலை ஆறே முக்காலுக்குப் பயிற்சி. கிளம்பும்போது காலுக்கு வெயில் கிரீம் போட வேண்டும். டியூபை எடுத்துக்கொண்டு போனேன். "நானே போட்டுக்கறேம்மா" என்று வாங்கிக்கொண்டாள். முகம் நன்றாகத்தான் இருந்தது. கையை மட்டும் நீட்டி வாங்கிக்கொண்டாள்.

இவர் இன்னும் என்னோடு நேராகப் பேசுவதில்லை. "அம்மாளச் சாப்படச் சொல்லு" என்று அவளிடம் சொல்கிறார். அது போன வாரத்திலிருந்து. அதற்கு முன்னால் அதுவும் இல்லை.

பள்ளிக்குச் சீக்கிரமே போய் மைதானத்துச் சுவரோரம் நின்றேன். அவள் பார்க்காத மாதிரிதான் நின்றேன். டவுசர் போட்டிருந்தாள். பிளாஸ்திரி இல்லை. வெள்ளையும் தெரிந்தது, அதைச் சுற்றிக் கறுத்த விரல்களும் தெரிந்தன. தூரத்திலிருந்தே தெரிந்தன.

புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி குனிந்து பார்த்தாள். "ஏய், என்னடி இது, கை மாதிரியே இருக்கு?"

ஓடிவிடலாம் என்றுதான் இருந்தது. ஜெல்லி மீன் என்பாள், வெந்நீர் என்பாள், பிறவி மச்சம் என்பாள். எது சொன்னாலும் அது நான் சொல்லிக்கொடுத்ததுதான்.

சஷ்மிதா காலைத் திருப்பி ஒரு முறை பார்த்துக்கொண்டாள்.

"வெண்படைக்கு மருந்து போட்டப்போ சுட்டுருச்சு. எங்க அம்மா கை" என்றாள்.

அந்தப் பெண் இன்னும் ஏதோ கேட்க வந்தாள். அதற்குள் விசில் ஊதிவிட்டார்கள். சஷ்மிதா பந்தை எடுத்துக்கொண்டு சர்வீஸ் போடப் போனாள். மணி ஏழு ஆகியிருந்தது.